கயானிக்காரரின் இரண்டாவது காபி

தம்பெரே
மார்ச் 6, 2018

அன்புள்ள இல்போ,

பனியில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாயாமே. இதைக் கோபன்ஹேகனில் இருக்கிற ஒருவர் நம் மின்னஞ்சல் குழுவில் எழுதித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? கயானியில் தபால்தலைக்கு அவ்வளவு பஞ்சமா? சவுனா அறையின் நீராவிச் சூட்டில் போய் உட்கார். ஆனால் கல்லில் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று எழுந்து எழுந்து குனியாதே.

எனக்கு எல்லாம் நலம். மகள் துர்க்குவில் மறுபடியும் படிப்பை மாற்றிக்கொண்டாள், இந்தத் தடவை மண்ணியல். நூலகத்தில் எங்கள் கணினிப் பிரிவுக்குப் புது நாற்காலிகள் வந்திருக்கின்றன. உட்கார்ந்தால் எழ மனம் வருவதில்லை, அதனால் வேலையும் கொஞ்சம் நடக்கிறது.

இனி விஷயம். நம் குழுவில் எழுதுவதெல்லாம் ஊர் உலகம் படிக்கும்படி அழியாமல் சேர்த்து வைக்கப்படுகிறது, அதனால் சண்டைக்கு மின்னஞ்சல், மற்றதற்குக் காகிதம் என்று நம்மிருவருக்கும் வழக்கம் வைத்தவன் நீ. இது இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் காகிதத்திலேயே எழுதுகிறேன்.

விதிகளைப் பார்க்கிற ஒழுங்குக் குழு சார்பில் நான் ஒரு தீர்மானத்தை ஓட்டுக்குக் கொண்டுவருகிறேன். நீ அதைப் படிக்க மாட்டாய் என்று தெரியும், சுருக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நாம் ஊர் ஊராக இருந்து சேர்ந்து கட்டுகிற சீலி லினக்ஸ் இயங்குதளத்தில் ஒவ்வொரு நிரலும் ஒரு பொதி, ஒவ்வொரு பொதிக்கும் ஒருவர் பொறுப்பு, அந்தப் பொதியின் நிரல்வரிகளை எப்படிக் கம்பைல் செய்து, கணினியில் ஓடுகிற நிரலாகக் கட்டுவது என்ற செய்முறையை அவரவர் இஷ்டப்படி எழுதிக்கொள்ளலாம். சீலி பிறந்த நாளிலிருந்து இப்படித்தான். இனி எல்லாப் பொதிக்கும் ஒரே மாதிரிச் செய்முறை இருக்க வேண்டும் என்கிறேன்.

கோபப்படாமல் கேள். எழுத்துருப் பொதிகளைக் கவனித்துக்கொண்டிருந்த போர்த்துகல் பெண்ணுக்கு இலையுதிர்காலத்தில் இரட்டைக் குழந்தை பிறந்தது. அதோடு ஆளைக் காணோம், காணாமல் போகத்தான் வேண்டும். அவளுடைய செய்முறையைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆனது. சமையற்கட்டில் உப்பு டப்பாவில் சர்க்கரையும் சர்க்கரை டப்பாவில் ஊசி நூலும் வைத்திருக்கிற வீடு மாதிரி. நாம் யாரும் சம்பளத்துக்குச் செய்யவில்லை, ஓய்வு நேரத்தில் செய்கிறோம், சரி. ஆனால் ஒருவர் நகர்ந்தால் இன்னொருவர் வந்து உட்கார முடியாத நாற்காலி எதற்கு?

எல்லாருடைய செய்முறையையும் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வருகிறேன். அதில்தான் உன் லாப்பு வந்தது. லேபிள் அச்சடிக்கிற ஒரு சின்ன நிரல். நூலகத்தில் புத்தக முதுகில் ஒட்ட நாங்களும் அதைத்தான் வைத்திருக்கிறோம். உன் செய்முறை அதை ஒரு தடவை முழுசாகக் கம்பைல் செய்கிறது. பிறகு எதுவும் சொல்லாமல் இன்னொரு தடவை செய்கிறது. முதலாவதைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டாவதை மட்டும் கொடுக்கிறது. ஒரு குறிப்பு இல்லை, விளக்கம் இல்லை. காபி போட்டு, அதைத் தொட்டியில் கொட்டிவிட்டு, மறுபடியும் காபி போடுகிற மனிதனைப் பார்த்தால் ஏன் என்று கேட்கத் தோன்றாதா?

ஏன், இல்போ? குழுவுக்காகக் கேட்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டும்.

இடுப்பு பத்திரம்.

அன்புடன்,
அவுலிக்கி


கயானி
மார்ச் 14

அன்புள்ள அவுலிக்கி,

இடுப்பு இருக்கிறது. கோபன்ஹேகன்காரருக்கு அதைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிகிறது, மேல்விவரம் அவரிடம் கேட்டுக்கொள்.

ஏரி இன்னும் கெட்டியாக உறைந்துதான் கிடக்கிறது. பக்கத்து வீட்டு வெய்க்கோ பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கிறேன் என்று காலையில் போய், மத்தியானம் வெறுங்கையோடு வந்து, என் வீட்டில் பாலாடைக்கட்டியைக் காபியில் முக்கித் தின்றுவிட்டுப் போகிறார். உன் கடிதம் வந்தபோதும் இருந்தார்.

"என்னய்யா, ஏதோ ஓட்டெடுப்புங்கிறே. நீ நிக்கிறியா?"

"நான் நிக்கல. நின்ன எடத்துலயே இருக்க விடுவாங்களான்னு பாக்குறேன்."

"யாரு விடமாட்டேங்கிறா?"

"அவுலிக்கி."

"அட, அந்தப் பொண்ணா? நல்லா சிரிக்குமே" என்றார். உன்னை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார், அதுவும் நீ ரயிலைத் தவறவிட்டு இங்கே தங்கிய நாளில்.

உன் தீர்மானத்தைப் படித்தேன். முழுவதும். நன்றாக எழுதியிருக்கிறாய், அதுதான் வருத்தம்.

நான் சம்பளம் வாங்குகிற தண்ணீர் நிலையத்தில் ஒரு வால்வைத் திருக மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். நியாயம்தான், ஊரே குடிக்கிற தண்ணீர். அங்கிருந்து வீட்டுக்கு வந்து, பூட்ஸைக் கழற்றி, கணினி முன்னால் உட்காரும்போதுதான் இன்று என்ன செய்யலாம் என்று நானாக யோசிக்கிறேன். செய்கிற வேலையை எல்லாரும் எடுத்துக்கொள்ளட்டும், மாற்றிக்கொள்ளட்டும், விற்றுக்கூடக் கொள்ளட்டும். செய்கிற விதம் என்னுடையதாக இருக்கட்டும். ஊருக்கு விருந்து வைப்பவன் தன் அடுப்பில் தன் கரண்டியைப் போட்டுக் கிண்டக் கூடாதா?

இரண்டாவது காபி பற்றிக் கேட்டாய். அது என் அடுப்பு. கோப்பு திறந்துதான் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கண்டுபிடித்துக்கொள். நூலகத்தில் வேலை பார்க்கிறவளுக்கு நான் வேறு சொல்லித்தர வேண்டுமா?

தீர்மானம் ஜெயித்தால் என் மின்சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். சாவி இல்லாமல் பதிவேற்றம் செய்ய முடியாது, ஆகவே சீலிக்கும் எனக்கும் கணக்குத் தீர்ந்தது. இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளாதே. வானிலை அறிக்கை மாதிரி முன்கூட்டிச் சொல்கிறேன்.

உன் நிலவறையில் ஒரு சாம்பல் நிறப் பழைய கணினிப் பெட்டி இருக்குமே, நூலகத்தில் கழித்துக் கட்டியதை நீ வீட்டுக்குத் தூக்கி வந்தது. அது எப்படி இருக்கிறது? இன்னும் உறுமுகிறதா?

அன்புடன்,
இல்போ


தம்பெரே
மார்ச் 25

அன்புள்ள இல்போ,

கண்டுபிடித்துக்கொள் என்றாயல்லவா, இறங்கிவிட்டேன். கடந்த வாரம் முழுக்க வேலை முடிந்து வந்ததும் இதுதான். அடுப்பில் கறுப்புத் தொத்திறைச்சி தீய்ந்து, லிங்கன்பெர்ரி ஜாமை மட்டும் ரொட்டியில் தடவித் தின்ற நாளும் உண்டு.

லாப்புவை ஒரு தடவை கம்பைல் செய்தேன். உன் செய்முறைப்படி இரண்டு தடவையும் செய்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. என் மடிக்கணினியில், நூலக சர்வரில், மகள் விட்டுப்போன கைக்கணினியில், எல்லாவற்றிலும் அப்படியே. எதுவும் மாறவில்லை, அவ்வளவு நேரமும் மின்சாரமும் வீண்.

அப்படியானால் ஏன்? முதலில், பழைய கம்பைலர் ஏதோ ஒன்றில் பிழை இருந்திருக்கும் என்று நினைத்தேன். அந்த வருடங்களின் கம்பைலர்களைத் தேடிப் பிடித்துப் போட்டுப் பார்த்தேன், எல்லாம் ஒழுங்காகவே வேலை செய்தன. அடுத்து, நீ ஏதோ சோதனைக்காகப் போட்டுவிட்டு எடுக்க மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கோப்பை எத்தனையோ முறை திருத்தியிருக்கிறாய், அந்த வரியைச் சுற்றிக்கொண்டே போயிருக்கிறாய். மறந்தவன் அப்படிச் சுற்ற மாட்டான். கடைசியில், எல்லாரையும் வெறுப்பேற்றத்தான் வைத்திருக்கிறாய் என்று தோன்றியது. இது மட்டும் உனக்குப் பொருந்தி வருகிறது.

சனிக்கிழமை ஒழுங்குக் குழு கூடியது. சாந்தெரியை உனக்குத் தெரியும், போன வருடம் சேர்ந்தவன், எல்லாவற்றிலும் அவசரம். உன் செய்முறையைத் திரையில் போட்டுக் காட்டிக்கொண்டே சொன்னான்:

"இதுக்குப் பேரு கயானிக்காரரோட ரெண்டாவது காபி. ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ஒருத்தருக்கும் ஏன்னு தெரியாது."

"அவரு கிட்டயே கேட்டா என்ன?" என்றாள் தலைவி மார்க்கெட்டா.

"கேட்டா சொல்றவரா? நீங்க வேற. அவரு வீட்டு வாசல் மணிய அடிச்சாலே, எந்தச் சட்டப்படி அடிச்சேன்னு கேப்பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. அதனால் தீர்மானத்தில் ஒரு திருத்தம் சேர்க்க வைத்திருக்கிறேன், உனக்காகவே. பொதுச் செய்முறையிலிருந்து விலக விரும்புகிறவர் விலகலாம். ஏன் விலகுகிறார் என்று கோப்பின் தலைப்பில் எல்லாருக்கும் தெரிய ஒரு வரி எழுதினால் போதும். சாந்தெரிகூட ஒத்துக்கொண்டான். "அவரு ஒரு காரணம் சொல்லட்டும், நானே போய் அவருக்குக் காபி போட்டுத் தர்றேன்" என்றான்.

ஒரே ஒரு வரி, இல்போ. பொய்க் காரணமாக இருந்தாலும் பரவாயில்லை. எழுதிவிடு. நீ போய்விட்டால் குழுவில் நான் யாரோடு சண்டை போடுவது?

அன்புடன்,
அவுலிக்கி


கயானி
ஏப்ரல் 7

அன்புள்ள அவுலிக்கி,

உன் ஊகங்கள் மூன்றும் தப்பு. மூன்றாவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் அது விடை அல்ல.

நீ பழைய கம்பைலர்களைத் தேடிப் போய்ப் போட்டுப் பார்த்தாய் என்று படித்தபோது, சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். இதற்காக ஒருத்தி தொத்திறைச்சியைத் தீய்த்திருக்கிறாள். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மார்க்கெட்டா தொலைபேசியில் கூப்பிட்டாள். நீ சொல்லித்தானோ என்னவோ.

"இல்போ, ஒரு வரிதானே. எழுதிட்டுப் போயேன். அவுலிக்கி உனக்காகத் தொண்டத் தண்ணி வத்தப் பேசிட்டிருக்கா."

"எழுதுனா எங்க போகும்?"

"எங்க போகும்? கோப்புல இருக்கும். எல்லாரும் படிப்பாங்க."

"அதான்" என்றேன்.

"என்ன அதான்?"

"எல்லாரும் படிப்பாங்கங்கிறதுதான்."

"நீ என்னத்த ராணுவ ரகசியமா வச்சிருக்கே, லேபிள் அடிக்கிற பொதியில?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன். போர்த்துகல் பெண் விஷயத்தில் நீ சொல்வது நியாயம். நான் நாளைக்கு ஏரியில் விழுந்து போனால் என் பொதிகளை எடுத்து நடத்துகிறவன் என்னைத் திட்டிக்கொண்டேதான் நடத்துவான். இந்த இடுப்போடு படுத்துக் கிடந்தபோது நானும் அதை யோசித்தேன். ஆகவே மற்ற பொதிகளுக்கெல்லாம் உன் செய்முறையையே போட்டுவிட்டேன். நீ கவனிக்கவில்லை போலிருக்கிறது, போய்ப் பார். ஓட்டெடுப்புக்கு முன்னால் போட்டேன், அதனால் யாரும் சொல்லிச் செய்ததில்லை. லாப்புவை மட்டும் விட்டுவை.

திருத்தம் எனக்காகக் கொண்டுவந்தாய், தெரிகிறது. நன்றி. ஆனால் யோசித்துப் பார். காரணம் சொன்னால் கிடைக்கும் என்றால் அதற்குப் பெயர் அனுமதி. சீலியில் சேர்ந்தபோது எனக்கு யாரும் அனுமதி தரவில்லை, சாவியைக் கொடுத்தார்கள், உன் பொதி உன் பாடு என்றார்கள். ஹெல்சிங்கியில் நம் சீலிக்காரர்கள் கூடிய கூட்டத்தில் நீ என் பாஸ்போர்ட்டை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது நீங்கதானா, உங்க அண்ணனா?" என்று கேட்டாய். அப்புறம், நான் நான்தான் என்பதற்குச் சாட்சியாக என் மின்சாவியில் உன் மின்கையெழுத்தைப் போட்டாய். என் சாவியில் விழுந்த முதல் கையெழுத்து அது. அதற்கு நீ என்னிடம் காரணம் கேட்கவில்லை.

எல்லாக் காரணத்தையும் கடைவீதியில் பரப்பி வைக்க முடியுமா? சிலது இருக்கும், நியாயமான காரணம்தான், ஆனால் கோப்பின் தலைப்பில் எழுதினால் நாலு பேர் படித்துச் சிரிப்பார்கள், அல்லது சிரிக்காமல் இருப்பார்கள். இரண்டும் எனக்கு வேண்டாம்.

சாம்பல் பெட்டி பற்றிக் கேட்டிருந்தேன். நீ பதில் எழுதவில்லை.

வெய்க்கோவுக்குக் கடைசியில் ஒரு மீன் கிடைத்தது. என் விரலளவு. படம் எடுத்துச் சட்டம் போடச் சொல்கிறார்.

அன்புடன்,
இல்போ


தம்பெரே
ஏப்ரல் 22

அன்புள்ள இல்போ,

குழுவில் பார்த்திருப்பாய். தீர்மானம் ஜெயித்துவிட்டது, மயிரிழையில். நீ எதிர்த்து ஓட்டுப் போட்டதையும் பார்த்தேன், ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல். ஜெயித்ததற்குச் சந்தோஷப்பட வேண்டியவள் நான். அன்று மாலை மார்க்கெட்டா வீட்டில் கேக் வெட்டினார்கள், இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

மற்ற பொதிகளையெல்லாம் நீயே மாற்றியிருக்கிறாய் என்று போய்ப் பார்த்தேன். என்னைவிடச் சுத்தமாகச் செய்திருக்கிறாய். முழுக்க மறுக்கிற ஆளாக இருந்தால் பிடிவாதக்காரன் என்று விட்டுவிடுவேன். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு ஒன்றை மட்டும் கையில் மூடி வைத்துக்கொள்கிறாய், அதனால்தான் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நீ காரணம் எழுதவில்லை, ஆகவே லாப்புவை யாராவது மாற்றியாக வேண்டும். சாந்தெரி சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றான். அவன் தொடுவதற்கு முன்னால் நானே செய்துவிட்டேன். ஒரே தடவை கம்பைல் ஆகிற புதுச் செய்முறையை உன் பொதிக்கு எழுதி, காத்திருப்பு வரிசையில் போட்டிருக்கிறேன். வழக்கம் உனக்குத் தெரியும். அடுத்தவர் பொதியில் கை வைத்தால் பத்து நாள் வரிசையில் நிற்க வேண்டும். அதற்குள் பொறுப்பாளர் ரத்து செய்தால் ஆயிற்று, வாயைத் திறக்காவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். மே இரண்டு வரை நேரம் இருக்கிறது. ரத்து செய், ஆனால் ரத்து செய்துவிட்டு அந்த ஒரு வரியையும் எழுது. சாவியைத் திருப்பிக் கொடுக்கிற பேச்சு வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஓ, அந்தச் சாம்பல் பெட்டி. இரண்டு தடவை கேட்டுவிட்டாய், பதில் சொல்லாமல் விட்டது தப்பு. அது போய் வெகு காலம் ஆகிறதே. என் கணவர் பெண்டியும் நானும் பிரிந்த வருடம், வீட்டைக் காலி செய்து ஹெர்வந்தாவில் இந்தச் சின்ன ஃபிளாட்டுக்கு வந்தபோது, கழிவு நிலையத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அந்த வருடம் என் வாழ்க்கையிலிருந்து போனவற்றில் அதுதான் மிகச் சின்னது, அதனால் யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். அதை ஏன் கேட்கிறாய்? உதிரி பாகம் ஏதாவது வேண்டுமா?

மே தினத்துக்கு இங்கே எலுமிச்சை மதுவும் டோனட்டும் செய்யப் போகிறேன். நீ பக்கத்தில் இருந்தால் கொடுத்தனுப்புவேன்.

அன்புடன்,
அவுலிக்கி


கயானி
ஏப்ரல் 26

அவுலிக்கி,

உன் கடிதம் கிடைத்தது.

வரிசையில் போட்டிருப்பதைப் பார்த்தேன். ரத்து செய்யவில்லை, செய்யவும் மாட்டேன். நீ எழுதியிருக்கும் செய்முறை சரியாக இருக்கிறது. இரண்டாவது தடவை இனித் தேவையில்லை.

பெட்டி போன விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

மே மாதக் கடைசியில் என் சாவியை ஒப்படைத்துவிடுகிறேன். கோபம் எதுவும் இல்லை. பொதிகள் எல்லாம் பொதுச் செய்முறையில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் உட்காரலாம். நீ விரும்பியபடியே.

ஏரியில் பனி உடையத் தொடங்கிவிட்டது.

இல்போ கர்ஹுனென்


தம்பெரே
மே 4

என் அன்புள்ள இல்போ,

பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாகக் குடும்பப் பெயரோடு கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அதைப் பார்த்ததும் சேதி என்ன என்பது பாதி புரிந்துவிட்டது. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க மே தினம் போயிற்று. எல்லாரும் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு தெருவில் பாடிக்கொண்டிருந்தார்கள், நான் சமையலறையில் டோனட் மாவை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் போட்டுப் பார்த்ததெல்லாம் இந்தக் காலத்து இயந்திரங்களில். சாம்பல் பெட்டியில் போட்டுப் பார்க்கவில்லை, அது எங்கே இருக்கிறது பார்ப்பதற்கு. ஆனால் பழைய இயந்திரங்களைப் போலவே நடிக்கிற ஒரு நிரல் இருக்கிறதல்லவா, அதை இறக்கி, சாம்பல் பெட்டியாக நடி என்று சொல்லி, அதற்குள் லாப்புவை ஒரே ஒரு தடவை கம்பைல் செய்தேன். ஒரு லேபிள் அடிக்கச் சொன்னேன். எண்கள் எல்லாம் பின்பக்கமிருந்து முன்பக்கமாக வந்து விழுந்தன, அந்த ரகப் பெட்டி எண்களை எதிர்வரிசையில்தானே வைக்கும். இரண்டாவது தடவை கம்பைல் செய்தேன். முதல் தடவை தலைகீழாக எழுதியதை அது பார்த்து, தன்னைத் தானே திருத்திக்கொண்டது. லேபிள் ஒழுங்காக வந்தது.

அப்போதுதான் துர்க்குவில் நடந்த சீலிக் கூட்டம் ஞாபகம் வந்தது. சவுனாவிலிருந்து வெளியே வந்து தொத்திறைச்சிக்கு வரிசையில் நின்றோம். என் வீட்டுப் பெட்டியில் மட்டும் லேபிள் தலைகீழாக வருகிறது என்று நான் புலம்பினேன். யாரிடமும் பிழை அறிக்கை கொடுக்கவில்லை, எங்கும் எழுதவில்லை, வரிசையில் என் முன்னால் நின்ற உன்னிடம் வாயால் சொன்னேன், அவ்வளவுதான். அடுத்த வெளியீட்டில் சரியாகிவிட்டது. தானாகச் சரியாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். இல்போ, நான் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறவள், எதுவும் தானாகச் சரியாகாது என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறவள்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. சாம்பல் பெட்டி ரக இயந்திரங்களைக் கைவிடுவது என்று சீலி முடிவெடுத்தபோது மேடையேறிக் கத்தியது நான். "யாரு கைவிட்டாலும் நான் விடமாட்டேன். என் பொட்டி, என் இஷ்டம், நானே கம்பைல் பண்ணிக்குவேன்" என்றேன். சுதந்திரம் சுதந்திரம் என்று அன்றைக்குத் தொண்டை கிழியக் கத்தியவள் நான்தான். எல்லாரும் மறந்துவிட்டார்கள், நானும் மறந்துவிட்டேன். நீ அதை நம்பி, நான் எங்கோ ஒரு நிலவறையில் தன்னந்தனியாகக் கம்பைல் செய்துகொண்டிருப்பதாக நினைத்து, இத்தனை வருடமும் எனக்காக ஒரு தடவை கூடுதலாகச் சமைத்திருக்கிறாய். வராமலே போன விருந்தாளிக்குத் தினம் தட்டு வைத்த மாதிரி. விருந்தாளி ஊரைவிட்டுப் போனதை நான் உனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இது புரிந்ததும் அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. என் தீர்மானம் சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். எழுதி வைக்காத காரணத்தை இன்னொருவர் எப்படித் தெரிந்துகொள்வது? நானே தெரிந்துகொள்ள இவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது. ஆனால் நீ சொன்னதும் சரி. "அவுலிக்கியின் நிலவறைக்காக" என்று உலகம் முழுக்கப் படிக்கிற கோப்பின் தலைப்பில் உன்னால் எழுதியிருக்க முடியாது. நான் உன் இடத்தில் இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். அப்படிப்பட்ட காரணங்களுக்கு என் விதியில் இடம் இல்லை. எப்படி இடம் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், தெரியவில்லை.

வரிசையில் நின்ற என் பதிவேற்றத்தை இரண்டாம் தேதி நானே ரத்து செய்துவிட்டேன். சாந்தெரி, "ஏன்?" என்று குழுவில் கேட்டிருக்கிறான். பதில் சொல்லவில்லை. உலகமே பார்க்கட்டும். லாப்பு இன்றைக்கும் இரண்டு தடவை கம்பைல் ஆகிறது.

ஆனால் அந்த வரி போகத்தான் வேண்டும். பெட்டி இல்லை, இனி அதற்கு வேலையில்லை. என் கையால் மட்டும் அழிக்க மாட்டேன், உன் கையால் மட்டும் அழிப்பதும் வேண்டாம். நான் கயானிக்கு வருகிறேன். உன் மேசையில் இரண்டு பேரும் உட்கார்ந்து அழிப்போம். சாவியை ஒப்படைப்பதென்றால் அதற்குப் பிறகு என் முகத்துக்கு நேரே சொல், அதில் இருக்கிற முதல் கையெழுத்து என்னுடையது.

வரலாமா என்று கேட்கவில்லை. இந்தக் கடிதத்தை வரிசையில் போடுகிறேன். பத்து நாள். பதினான்காம் தேதிக்குள் நீ ஒரு வரி எழுதி ரத்து செய்தால் வர மாட்டேன், ஏன் என்றும் கேட்க மாட்டேன். வாயைத் திறக்காவிட்டால் என்ன அர்த்தம் என்பது நம் வழக்கத்தில் எழுதியே இருக்கிறது.

உன்,
அவுலிக்கி


தம்பெரே
மே 15

இல்போ,

பத்து நாளும் தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். மின்கட்டணம் வந்தது. பல் மருத்துவரின் நினைவூட்டல் வந்தது. உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நீ எனக்கு எழுதியதிலேயே நல்ல கடிதம் இதுதான்.

சனிக்கிழமை மத்தியான ரயிலில் வருகிறேன். காபி ஒரு தடவை போட்டால் போதும், கொட்டிவிடாதே.

அவுலிக்கி